படம் உண்மையா? அறிகுறி பார்த்துச் சரிபார்க்கும் வழி

புயல் மழை இரவுகளில் வாசகர்களும் ஊர் நிருபர்களும் அனுப்பும் படங்களைச் சரிபார்த்து அச்சுக்கு விடுவது பல வருடங்களாக என் வேலை. ஒரு மணி நேரத்தில் ஐம்பது அறுபது படங்கள் வந்து விழும். எல்லாவற்றையும் ஆராய நேரம் இருக்காது. அதனால் ஒரு படத்தில் எது இடிக்கிறது என்று முதலில் பார்ப்பேன். அதற்குப் பொருத்தமான சோதனையை மட்டும் செய்வேன். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். செலவில்லாத சோதனை முதலில் வரும். நேரமும் பணமும் கேட்பது கடைசியில் வரும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். என்னிடம் பிடிபட்ட பொய்களில் பெரும்பாலானவற்றில் படத்தில் யாரும் கை வைத்திருக்கவில்லை. படம் அசலானது, கூட வந்த வாசகம்தான் பொய். ஆகவே படத்தைப் பெரிதாக்கி விரல்களை எண்ணுவதற்கு முன்னால், இதை எடுத்தவர் யார், எங்கே, எப்போது என்று கேட்டுவிடுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

அசல் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி வரும். எடுத்த தேதி, இடம், கேமரா விவரம் எல்லாம் கழன்றுவிடும். அதே படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொன்னால் கோப்பு அப்படியே வரும். 'ஹெச்டி' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதிலும் விவரங்கள் போய்விடும்.

அனுப்பியவர் "எனக்கே ஒரு குரூப்பில் வந்தது" என்றால் அவர் சாட்சி இல்லை, தபால்காரர். அவருக்கு அனுப்பியவரைக் கேளுங்கள். இப்படி இரண்டு மூன்று படி பின்னால் போனாலே பாதி பொய்கள் உதிர்ந்துவிடும். நேரில் நின்று எடுத்தவர் என்றால் அடுத்தடுத்து எடுத்த நாலைந்து படங்களாவது அவர் போனில் இருக்கும். அவற்றையும் அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளத்தின் நடுவே நின்று ஒரே ஒரு படம் மட்டும் எடுத்து நிறுத்தியவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

## அறிகுறி: படம் இயல்பாக இருக்கிறது, சொல்லும் கதைதான் இடிக்கிறது

அதிகம் வருவது இதுதான். பழைய படமாக இருக்கலாம், வேறு ஊர்ப் படமாக இருக்கலாம், அல்லது ஒரு பக்கத்தை வெட்டிவிட்ட படமாக இருக்கலாம்.

2015 ஏப்ரலில் நேபாளத்தில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, தங்கையை அணைத்துக்கொண்டு நிற்கும் ஒரு சிறுவனின் படம் உலகமெங்கும் சுற்றியது. பார்த்தவர்கள் அழுதார்கள், நன்கொடை கேட்கக்கூட அந்தப் படம் பயன்பட்டது. உண்மையில் அது 2007இல் வியட்நாமின் ஹா ஜியாங் மாகாணத்தில் எடுத்த படம். எடுத்தவர் நா சான் நுயென் என்ற புகைப்படக்காரர். நிலநடுக்கத்துக்கும் அந்தக் குழந்தைகளுக்கும் சம்பந்தமே கிடையாது. அந்தப் படத்தை எந்தத் தடயவியல் மென்பொருளில் போட்டிருந்தாலும் 'ஒட்டு வேலை இல்லை' என்றுதான் வந்திருக்கும்.

சோதனை 1: படத்தை வைத்துத் தேடுவது. கூகுள் லென்ஸில் போடுங்கள். அதில் 'இந்தப் படத்தைப் பற்றி' என்ற பகுதி வந்தால், அந்தப் படம் எப்போதிலிருந்து இணையத்தில் இருக்கிறது என்று தெரியும். அடுத்து டின்ஐ தளம். முடிவுகளை 'மிகப் பழையது முதலில்' என்று அதில் அடுக்கலாம். இந்த வேலைக்கு அந்த ஒரு வசதிதான் எனக்கு ரொம்ப உதவியிருக்கிறது. முகங்களுக்கும் கட்டிடங்களுக்கும் யாண்டெக்ஸ் நன்றாக வேலை செய்யும். ஒன்றில் கிடைக்காதது இன்னொன்றில் கிடைக்கும், ஆகவே ஒன்றோடு நிறுத்தாதீர்கள்.

எதிலும் கிடைக்கவில்லையா? படத்தை இடவலமாகத் திருப்பித் தேடுங்கள். மாட்டிக்கொள்ளாமல் இருக்கப் பலர் செய்யும் வேலை அது. அப்புறம் முகத்தை விட்டுவிட்டுப் பின்னணியை மட்டும் வெட்டித் தேடுங்கள்: ஒரு கோபுரம், ஒரு பாலம், ஒரு கடைப் பலகை. வந்தது காணொளி என்றால் இன்விட் என்ற உலாவி நீட்சி அந்தக் காணொளியைப் பல சட்டகங்களாகப் பிரித்துத் தேடித் தரும்.

அப்போதும் இல்லையா? இணையத்தில் முன்பு வரவில்லை என்பதால் படம் புதியது என்று முடிவு கட்டாதீர்கள். யாரோ ஒருவரின் போனில் ஐந்து வருடம் தூங்கிய படமாகவும் இருக்கலாம்.

சோதனை 2: படத்துக்குள் இருக்கும் ஊர். கடைப் பலகையில் என்ன மொழி, வண்டி எண் எந்த மாநிலம், பேருந்தின் நிறம் என்ன, மின்கம்பம் எப்படி இருக்கிறது, சுவரொட்டியில் என்ன படம் என்று பாருங்கள். சுவரொட்டிதான் எனக்குப் பிடித்த சாட்சி. ஊரில் ஒட்டிய சினிமாச் சுவரொட்டி ஒரு மாதம் தாங்கினால் பெரிது. அந்தச் சினிமா வெளியான தேதியைப் பார்த்தால் புகைப்படத்தின் வயது தெரிந்துவிடும். இடம் இதுதான் என்று பெயர் சொன்னால் கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் அந்தத் தெருவில் நின்று ஒப்பிடலாம். கட்டிடம் எப்போது வந்தது என்று பார்க்க கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன.

சோதனை 3: வெயிலும் நிழலும். சன்கால்க் தளத்தில் இடம், நாள், நேரம் கொடுத்தால் நிழல் எந்தத் திசையில் விழும் என்று காட்டும். டிசம்பரில் நம் ஊரில் நண்பகல் நிழல் வடக்கே விழும். ஏப்ரல் கடைசியில் சென்னையில் நண்பகலில் நிழல் காலடியிலேயே கிடக்கும். "டிசம்பர் மதியம் 12 மணிக்கு எடுத்தேன்" என்பவரின் படத்தில் நிழலே இல்லையென்றால் மேலும் கேள்வி கேட்க வேண்டும். மேகமூட்டமான நாளில் இந்தச் சோதனை உதவாது.

## அறிகுறி: தேதி, இட விவரம் காலியாக இருக்கிறது அல்லது பொருந்தவில்லை

ஒவ்வொரு கேமராவும் கோப்புக்குள் எக்ஸிஃப் என்ற குறிப்பை எழுதி வைக்கும். போனில் படத்தை மேலே தள்ளினால் தெரியும். கணினியில் கோப்பின் மீது சுட்டியின் வலப்பொத்தானைச் சொடுக்கி விவரங்களைப் பார்க்கலாம். முழுதாகப் பார்க்க எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் போதும்.

காலியாக இருந்தால் பயப்படாதீர்கள். வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் வழியாக வந்ததாலோ ஸ்கிரீன்ஷாட் என்பதாலோ அப்படி இருக்கும். குறிப்பு இல்லை என்பதற்காக ஒரு படத்தைப் போலி என்று தள்ளிவிட்டு, பிறகு அது உண்மை என்று தெரிந்து வருந்தியிருக்கிறேன்.

தேதி தப்பாக இருந்தால் கேமராவின் கடிகாரத்தை முதலில் சந்தேகியுங்கள். நாள்கணக்கில் பேட்டரி இல்லாமல் கிடந்த கேமரா தேதியை மறந்து பழைய வருடத்துக்குப் போய்விடும். கல்யாண வீட்டுக் கேமராக்களில் இது சாதாரணம். வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால் ஏதோ ஒரு மென்பொருள் உலக நேரத்தை இந்திய நேரமாக எடுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

தேதி ரொம்பச் சரியாக இருந்தாலும் அதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். எக்ஸிஃப்பை யாரும் ஒரு நிமிடத்தில் மாற்றி எழுதலாம். 'மென்பொருள்' என்ற வரியில் படத்திருத்தச் செயலியின் பெயர் இருக்கிறதா, கோப்புக்குள் ஒளிந்திருக்கும் சின்ன முன்னோட்டப் படமும் பெரிய படமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரிய படத்தை வெட்டிவிட்டு முன்னோட்டத்தை மறந்தவர்கள் உண்டு.

கோப்பின் பெயரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பில் வந்த கோப்பு 'ஐஎம்ஜி-20231204-டபிள்யூஏ0007' என்பதுபோல் இருக்கும். அந்த 20231204 படம் எடுத்த நாள் இல்லை, அந்த போனில் வாட்ஸ்அப் அதைச் சேமித்த நாள். இதைக் காட்டி "பாருங்கள், அன்றைக்கே எடுத்தது" என்று வாதிட்டவர்கள் நிறையப் பேர். அவர்களில் பலர் உண்மையாகவே அப்படி நம்பியவர்கள்.

## அறிகுறி: ஒரு பகுதி மட்டும் ஒட்டவைத்ததுபோல் தெரிகிறது

இங்கேதான் அவசரப்பட்டு அப்பாவிகளைப் பொய்யர் ஆக்குகிறோம். எளிய காரணங்களை முதலில் கழித்துவிடுங்கள்.

போனின் 'போர்ட்ரெயிட்' முறை தலைமுடி ஓரத்தையும் காதையும் வெட்டியதுபோல் மங்கலாக்கும். பனோரமா எடுக்கும்போது யாராவது நடந்தால் அவருக்குக் கால் ஒன்று கூடும் அல்லது குறையும். இரவுப் படங்களில் போன் பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குவதால் அசைந்தவர் இரட்டையாகத் தெரிவார். பத்து முறை பகிர்ந்த படத்தில் எழுத்துகளைச் சுற்றிக் கட்டம் கட்டமாக அழுக்கு தெரியும். அது ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகச் சுருக்குவதால் வருவது.

இவை எதுவும் இல்லை என்றால் கண்ணால் செய்யும் சோதனைகள் மூன்று. முதலில் வெளிச்சம்: எல்லார் மூக்கின் நிழலும் ஒரே பக்கம் விழுகிறதா, கண்மணியில் தெரியும் வெளிச்சப் புள்ளி எல்லாருக்கும் ஒரே இடத்தில் இருக்கிறதா? அடுத்து கூர்மை: அதே தூரத்தில் நிற்கும் இருவரில் ஒருவர் மட்டும் அதிகத் தெளிவாக இருக்கிறாரா? கடைசியாகத் திரும்பத் திரும்ப வரும் வடிவம். 2006 ஆகஸ்டில் பெய்ரூட் குண்டுவீச்சுப் படம் ஒன்றில் புகை அதிகமாகத் தெரிய வேண்டும் என்று ஒரே புகைச் சுருளைப் பல இடத்தில் நகலெடுத்து வைத்திருந்தார் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் ஊழியராக இல்லாமல் அதற்குப் படம் தந்துவந்த ஒரு புகைப்படக்காரர். வாசகர்களே கண்டுபிடித்தார்கள். ராய்ட்டர்ஸ் நிறுவனம் அவர் எடுத்த 920 படங்களையும் விற்பனைத் தொகுப்பிலிருந்து நீக்கியது.

அதிகாரபூர்வக் கணக்கிலிருந்து வந்தது என்பதால் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைப் பிரதமர் விமானத்திலிருந்து பார்வையிட்ட படத்தில் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த காட்சி தனியாக ஒட்டப்பட்டது. வெளியிட்ட மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே படத்தை நீக்கிவிட்டு, இரண்டு படங்களை இணைத்ததாக ஒப்புக்கொண்டது. 2024 மார்ச்சில் பிரிட்டன் இளவரசி கேட் தன் பிள்ளைகளுடன் இருக்கும் படத்தில் மகளின் ஸ்வெட்டர் கைப்பகுதி ஓரிடத்தில் காணாமல் போயிருந்தது. பெரிய செய்தி நிறுவனங்கள் படத்தைத் திரும்பப் பெற்றன.

ஒட்டு எங்கும் தெரியவில்லை, ஆனால் முகபாவம் மட்டும் பொருந்தவில்லையா? 2023 மே 28 அன்று டெல்லியில் கைதாகிப் போலீஸ் வண்டியில் இருந்த மல்யுத்த வீராங்கனைகள் வினேஷ் போகட், சங்கீதா போகட் இருவரும் சிரிப்பதுபோல் ஒரு படம் பரவியது. அசல் செல்ஃபியில் யாரும் சிரிக்கவில்லை. முகத்தில் புன்னகை ஏற்றும் செயலி செய்த வேலை அது. போராடிய பெண்களை ஒரு சிரிப்பை வைத்துக் கொச்சைப்படுத்தினார்கள் என்பதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. இதற்குக் கூர்மை பார்ப்பது உதவாது. அதே தருணத்தின் வேறு படங்களைத் தேடி ஒப்பிடுவதுதான் வழி.

பிழை அளவு ஆய்வு என்று ஒரு சோதனை இருக்கிறது. ஃபோட்டோஃபாரன்சிக்ஸ் தளத்தில் படத்தைப் போட்டால் சில பகுதிகள் பளிச்சென்று மின்னும். மின்னுவதெல்லாம் ஒட்டு இல்லை. கூர்மையான விளிம்பும் எழுத்தும்கூட மின்னும், வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் எல்லாமே ஒன்றுபோல் மங்கிவிடும். அசல் கோப்பு கையில் இல்லாமல் இதைச் செய்வது வீண்.

## அறிகுறி: படம் வழுவழுவென்று, அளவுக்கு மீறி அழகாக இருக்கிறது

செயற்கை நுண்ணறிவு என்ற சந்தேகம் இப்போது எல்லாப் படத்துக்கும் வருகிறது. ஆறு விரல் பார்த்துக் கண்டுபிடித்த காலம் போய்விட்டது. இன்றும் எனக்கு உதவுவது நம் ஊர் நுணுக்கங்கள்.

பின்னணியில் இருக்கும் தமிழ் எழுத்தைப் படித்துப் பாருங்கள். முன்னால் இருக்கும் பெரிய பலகை சரியாக இருந்தாலும் தூரத்துக் கடைப் பலகையில் கொம்பும் காலும் இடம் மாறி, எந்த எழுத்தும் ஆகாத கிறுக்கல் கிடக்கும். வண்டி எண் பலகையைப் பாருங்கள். வாசலில் கோலம் இருந்தால் கோட்டை விரலால் தொடர்ந்து போங்கள். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றி வந்து மூட வேண்டும். இயந்திரம் போட்ட கோலத்தில் அது பாதியில் கரைந்து போகும். புடவை மடிப்பு, தாலிச் சரடு, காதுத் தொங்கட்டான் இரண்டும் ஒரே ஜோடிதானா என்பது, கூட்டத்தின் பின்வரிசை முகங்கள் என்று பார்த்துக்கொண்டே போகலாம்.

அடுத்து முத்திரைகள். கூகுளின் ஏஐ கருவியான ஜெமினியில் செய்த படத்தின் கீழ் வலது மூலையில் பெரும்பாலும் ஒரு சிறு மின்னும் நட்சத்திரக் குறி இருக்கும். அதை வெட்டிவிட்டாலும் கூகுளின் கருவிகள் சிந்த்ஐடி என்ற கண்ணுக்குத் தெரியாத முத்திரையைப் பதிக்கின்றன. ஜெமினியிடமே படத்தைக் கொடுத்துக் கேட்கலாம். சி2பிஏ என்ற அமைப்பின் தரப்படி படம் எதில் உருவானது என்று சொல்லும் 'கன்டென்ட் கிரெடென்ஷியல்ஸ்' என்ற மின்னணுக் கையெழுத்தும் சில படங்களில் இருக்கும். 2023இல் வந்த லைக்கா எம்11-பி என்ற கேமரா, படம் எடுக்கும்போதே அந்தக் கையெழுத்தைப் போட்டது. முத்திரை இருந்தால் பெரிய தடயம். இல்லையென்றால் எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அந்தக் கையெழுத்து போய்விடும், மற்ற நிறுவனங்களின் கருவிகள் எல்லாமே சிந்த்ஐடியைப் பதிப்பதும் இல்லை.

'92 சதவீதம் ஏஐ' என்று சொல்லும் இலவசக் கண்டுபிடிப்புத் தளங்களை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. அழகு ஃபில்டர் போட்ட உண்மையான கல்யாணப் படத்தையே அவை போலி என்று சொல்லும்.

பெரிய சம்பவம் என்றால் படத்தை விட்டுவிட்டு வேறு சாட்சி தேடுங்கள். 2023 மே 22 அன்று அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் அருகே குண்டு வெடித்ததாக ஒரு படம் வந்து அமெரிக்கப் பங்குச் சந்தை சில நிமிடம் சரிந்தது. அவ்வளவு பெரிய புகை எழுந்திருந்தால் சாலையில் போன நூறு பேராவது வேறு கோணத்தில் எடுத்திருப்பார்கள். ஒருவரும் எடுக்கவில்லை. உள்ளூர்த் தீயணைப்புத் துறை அப்படி எதுவும் நடக்கவில்லை என்று உடனே அறிவித்தது.

## அறிகுறி: நம்பவே முடியவில்லை

நம்ப முடியாதது எல்லாம் பொய் இல்லை. வெள்ளம் வந்த நெடுஞ்சாலையில் சுறா நீந்தும் படம் 2011இல் போர்ட்டோ ரிக்கோவிலும் 2017இல் ஹூஸ்டனிலும் சுற்றியது. அது போலி. தென்னாப்பிரிக்கக் கடலில் தாமஸ் பெஷாக் எடுத்த வெள்ளைச் சுறாவை வெட்டி ஒட்டியிருந்தார்கள். 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் மழையில் பெருங்களத்தூர் பக்கம் சாலையைக் கடக்கும் முதலையின் காணொளி வந்தபோதும் பலர் அதையே நினைத்தார்கள். அது உண்மை. சென்னையின் சில நீர்நிலைகளில் முதலைகள் இருக்கின்றன, மழையில் ஒன்று வெளியே வந்திருக்கிறது என்று வனத்துறை உயரதிகாரியே விளக்கினார். அந்த மாதிரி நேரத்தில் உண்மையைப் பொய் என்று அறிவித்தால் ஒருவர் உயிருக்கே ஆபத்து. எனவே இப்படிப்பட்ட படத்துக்கு ஒரே சோதனை: சம்பந்தப்பட்ட துறைக்கு போன் போடுவது.

## அறிகுறி: "பணம் போட்டுட்டேன், ஸ்கிரீன்ஷாட் பாருங்க"

கடைக்காரர்களுக்கு இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அந்தப் படத்தை ஆராயவே வேண்டாம். பணம் அனுப்பியதுபோல் திரையை உருவாக்கித் தரும் போலிச் செயலிகள் இருக்கின்றன. அதில் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்கூட இருக்கும். உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து வரவைப் பாருங்கள். குறுஞ்செய்தியையும் நம்பாதீர்கள், அதையும் போலியாக அனுப்பலாம். வரவு தெரியாதவரை சரக்கைக் கொடுக்காதீர்கள்.

## அறிகுறி: உங்கள் முகம் அல்லது வீட்டுப் பெண்ணின் முகம் ஆபாசப் படத்தில்

இதற்குச் சோதனை எதுவும் செய்ய வேண்டாம். அது உண்மையா போலியா என்று அந்தப் பெண்ணிடம் கேட்கவும் வேண்டாம். இரண்டில் எதுவாக இருந்தாலும் குற்றம் செய்தவன் பரப்பியவன். வீட்டில் முதலில் விசாரிக்கப்படுவது பெண்ணாக இருப்பதால்தான் மிரட்டுபவனுக்குத் துணிச்சல் வருகிறது.

பணம் கொடுக்காதீர்கள். உரையாடல்களை அழிக்காதீர்கள். வந்த எண், கணக்கின் முகவரி, நாள், நேரம் எழுதி வையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றத்துக்குத் தனிப்பகுதி இருக்கிறது, பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். மிரட்டலில் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் போடுங்கள். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர் என்றால் ஸ்டாப்என்சிஐஐ தளம் உதவும். படம் உங்கள் போனைவிட்டு வெளியே போகாது, அதன் எண்ணியல் கைரேகை மட்டும் போய் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் அது ஏறாமல் தடுக்கும். பதினெட்டுக்குக் கீழ் என்றால் அதே வேலையைச் செய்யும் 'டேக் இட் டவுன்' சேவை. குழந்தையின் படத்தை ஆதாரம் என்று நினைத்து வக்கீலுக்கோ உறவினருக்கோ அனுப்பாதீர்கள். அதை அனுப்புவதே சட்டப்படி குற்றம். போனோடு காவல் நிலையத்துக்குப் போங்கள்.

## எப்போது நிபுணரிடம் போவது

படத்தால் ஒருவர் வேலையோ சொத்தோ மானமோ போகும் என்றால், மேலே சொன்ன சோதனைகள் போதாது. சொத்துத் தகராறு, விபத்து இழப்பீடு, விவாகரத்து வழக்கு எல்லாம் இதில் அடங்கும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணு ஆதாரத்தோடு இரண்டு பகுதிகள் கொண்ட சான்றிதழ் தர வேண்டும். ஒன்றில் கருவியை வைத்திருப்பவர் கையெழுத்திடுவார், மற்றதில் நிபுணர். கோப்பின் ஹாஷ் மதிப்பும் அதில் இருக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை, ஒரு பிக்சல் மாறினாலும் அது மாறிவிடும். ஆகவே வக்கீலைப் பார்ப்பதற்கு முன் படத்தைத் திறந்து வெளிச்சம் கூட்டுவது, வெட்டுவது, மறுபடி சேமிப்பது எதுவும் வேண்டாம். அசலை அப்படியே வைத்துவிட்டு நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

கேமராவின் சென்சார் ஒவ்வொரு படத்திலும் விடும் நுண்ணிய இரைச்சல் வடிவத்தை வைத்து, இந்தப் படம் இந்தக் கேமராவில் எடுத்ததுதானா என்று தடயவியல் ஆய்வகத்தில் ஒப்பிட முடியும். அதற்கு எடுத்த கருவியே அவர்கள் கைக்குப் போக வேண்டும். வழக்கு என்றால் போலீஸோ நீதிமன்றமோ அதைத் தடய அறிவியல் துறைக்கு அனுப்பும். அதுவரை அந்த போனை ரீசெட் செய்யாதீர்கள், பழுது பார்க்கக் கொடுக்காதீர்கள், எக்ஸ்சேஞ்சில் போட்டுப் புதியது வாங்கிவிடாதீர்கள்.